டைனமோவைத் திருப்பிப் போட்டால் மோட்டர்: வன்னியில் மின்சைக்கிள் வாங்க நினைப்பவர்களுக்கு

தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். சில்லில் உரசிக்கொண்டு டைனமோ சுழலும். அதிலிருந்து இழுத்த இரண்டு வயர் ரேடியோவுக்குப் போகும். சுற்றி இருப்பவர்கள் மூச்சுவிடாமல் செய்தி கேட்பார்கள். பொருளாதாரத் தடைக் காலம் அது. பெற்றோலும் இல்லை, ரோர்ச் பற்றரியும் இல்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெடல் சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கும்.

அந்த டைனமோவுக்குள் இருந்தவை ஒரு காந்தமும் ஒரு செப்புக் கம்பிச் சுருளும். காந்தத்தைச் சுற்றினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். இதையே திருப்பிச் செய்யுங்கள்: கம்பிக்கு மின்சாரம் கொடுத்தால் காந்தம் சுற்றும். அதுதான் மோட்டர். இன்றைக்குக் கடையில் பளபளவென்று நிற்கிற மின்சைக்கிளின் சில்லுக்குள் இருப்பதும் இதே காந்தம், இதே செம்புதான். டைனமோ சுற்றிய கை உங்களுடையதாக இருந்தால், மின்சைக்கிளின் பாதிப் பாடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

என் அக்காவின் மகளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. வீடு முரசுமோட்டை. பள்ளிக்கூடம் தர்மபுரப் பக்கம். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் 7 கிலோமீற்றர் காபெற் றோட்டு, அப்புறம் உள்ளே 4 கிலோமீற்றர் கிரவல். பஸ் பெரிய வீதியோடு நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் வாங்கலாம்தான். ஆனால் 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றதை அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. மின்சைக்கிள் என்று முடிவெடுத்த பிறகு அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "மாமா, மோட்டர் வருசத்துக்கு வருசம் மாறுதாம். இப்ப வாங்கினா ரெண்டு வருசத்தில பழசாப் போயிடாதோ?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, மோட்டரில் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று வகை மோட்டர்

முதல் வகை, நேரடிச் சில்லு மோட்டர். சில்லின் நடுவில் பெரிய சாப்பாட்டுத் தட்டளவில் வட்டமாக இருக்கும். உள்ளே செப்புச் சுருள்கள் அசையாமல் நிற்க, காந்தம் பதித்த வெளிக்கூடு சில்லோடு சேர்ந்து சுற்றும். பல்சக்கரம் எதுவும் இல்லை. தேய்வதென்று பார்த்தால் பெயரிங் மட்டும்தான். சத்தமே வராது. ஆனால் பாரம், 5 கிலோவுக்கு மேலும் வரும். கரண்டை நிறுத்திவிட்டு மிதித்தால் காந்தம் பிடித்து இழுப்பது காலில் தெரியும். பற்றரி தீர்ந்த நாளில் அதை வீடுவரை மிதிப்பது தண்டனை. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்ப இதனால் முடியும். டைனமோ வேலைதான் அது. நீண்ட இறக்கம் உள்ள ஊரில் அதற்குப் பலன் உண்டு. நம்முடைய தட்டை நிலத்தில் பெரிதாக எதுவும் திரும்பி வராது.

இரண்டாவது, பல்சக்கரச் சில்லு மோட்டர். இதுவும் சில்லின் நடுவில்தான் இருக்கும், ஆனால் சிறியது. 3 கிலோ அளவில். உள்ளே ஒரு குட்டி மோட்டர் சில்லைவிட நான்கைந்து மடங்கு வேகமாகச் சுழலும். மூன்று சிறு நைலோன் பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து இழுவையாக மாற்றிச் சில்லுக்குக் கொடுக்கும். வேகமாகச் சுழலும் மோட்டருக்கு வேலை லேசு. அதனால் நின்ற இடத்திலிருந்து எழும்பும்போதும், மணலில் மெதுவாகப் போகும்போதும் இது நேரடி மோட்டரைப் போலச் சூடாகாது. உள்ளே ஒரு ஃபிறீவீலும் உண்டு. கரண்ட் இல்லாவிட்டால் சாதாரணச் சைக்கிளைப் போல மிதித்துக்கொண்டு போகலாம். பல்சக்கரம் சில வருடத்தில் தேயலாம். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

மூன்றாவது, நடு மோட்டர். இது சில்லில் இல்லை, பெடல் பூட்டியிருக்கும் இடத்தில் இருக்கும். உங்கள் காலோடு சேர்ந்து செயினை இழுக்கும். சைக்கிளின் கியரைக் குறைத்தால் மோட்டருக்கும் அந்தக் கியர் உதவும். அதனால் மலை ஏறுவதில் இதை மற்ற இரண்டும் வெல்ல முடியாது. விலை கூடிய சைக்கிள்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான். படங்களில் பார்த்து ஆசைப்படுவதும் இதைத்தான்.

நான் வெளிப்படையாகச் சொல்கிறேன்: வன்னியில் வேலைக்குப் போய்வர நடு மோட்டர் தேவையில்லை. கண்டியிலோ நுவரெலியாவிலோ இருந்தால் நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன். இங்கே ஏற்றம் என்றால் குளக்கட்டும் பாலத்தின் வாயும்தான். அதற்கு இரண்டாவது வகை தாராளம். நடு மோட்டரில் மனிதனின் பலமும் மோட்டரின் பலமும் ஒரே செயினில் ஏறும். கிரவல் புழுதி அந்தச் செயினில் எண்ணெயோடு சேர்ந்து அரத்தூள் மாதிரி வேலை செய்யும். அந்த மெல்லிய பல கியர்ச் செயின் சந்திச் சைக்கிள் கடையில் உடனே கிடைக்கிற சாமானும் இல்லை. சில்லு மோட்டரில் செயினுக்கு உங்கள் காலின் பாரம் மட்டும்தான். கைப்பிடியை முறுக்கி ஓடும் வசதி இருந்தால், செயின் அறுந்த நாளிலும் மோட்டர் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

அப்போ மாறுவது எது?

1993இல் ஜப்பானில் யமஹா பாஸ் என்ற சைக்கிளைக் கொண்டுவந்தது. மிதிப்பவரின் பலத்தை அளந்து, அதற்கேற்ப மோட்டர் உதவி செய்யும் முதல் சைக்கிள் அது. மோட்டர் நடுவில்தான் இருந்தது. நாம் முற்றத்தில் டைனமோ சுற்றிக்கொண்டிருந்த அதே காலம். இன்றைக்குப் "புதிது" என்று விளம்பரம் செய்யப்படும் இரண்டு விசயம், நடு மோட்டரும் மிதி அளக்கும் உணரியும், 30 வருடத்துக்கு மேல் பழையவை.

அதன் பிறகு நடந்த மாற்றங்கள் உண்மையானவைதான். பழைய மோட்டரில் கரித்துண்டு உரசி உரசித் தேயும். இப்போது அந்த உரசலே இல்லை. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்று ஒரு மின்னணுப் பலகை பார்த்துக்கொள்கிறது. அதைக் கொண்ட்ரோலர் என்பார்கள். நியோடிமியம் காந்தங்கள் வந்ததால் சின்ன மோட்டருக்கே பெரிய பலம் கிடைத்தது. 2024இல், ட்ரோன் செய்வதில் பேர்போன டிஜேஐ நிறுவனம் 2.52 கிலோ பாரத்தில் 105 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தரும் நடு மோட்டரை அறிமுகப்படுத்தியது. மோட்டரையும் கியர்ப்பெட்டியையும் ஒரே கூட்டுக்குள் அடைத்தவையும் வந்துவிட்டன. பொறியியலாக இவை அருமையான வேலைகள். ஆனால் அவை மலைப்பாதைக்குச் செய்தவை. முரசுமோட்டையிலிருந்து தர்மபுரம் போக 105 நியூட்டன் மீற்றரில் பாதிகூட வேண்டாம். 40 போதும்.

அன்றாட ஓட்டத்தில் உங்களுக்குத் தெரியப்போகும் மாற்றம் உணரியில் இருக்கிறது. மலிவான சைக்கிளில் இருப்பது பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் உணரி. அரைச்சுற்று மிதித்த பிறகு மோட்டர் திடீரென்று தள்ளும். மிதிப்பதை நிறுத்தினாலும் ஒரு கணம் தள்ளிவிட்டுத்தான் ஓயும். இன்னொன்று நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அளப்பது. மெல்ல அழுத்தினால் மெல்லத் தள்ளும், அழுத்தி மிதித்தால் பலமாகத் தள்ளும். கிரவலில், மழைச் சேற்றில், மாடு குறுக்கே வரும் இடத்தில் இந்த வித்தியாசம் பெரிது. கொஞ்சம் கூடக் காசு கொடுப்பதென்றால் பெரிய மோட்டருக்குக் கொடுக்காமல் இதற்குக் கொடுங்கள். பல்சக்கரச் சில்லு மோட்டரோடும் இந்த உணரி இப்போது வருகிறது.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. மோட்டரும் பற்றரியும் சிறு திரையும் தங்களுக்குள் ரகசிய மொழியில் பேசும்படி பெரிய நிறுவனங்கள் செய்கின்றன. பொஷ் மோட்டருக்குப் பொஷ் பற்றரிதான் வேண்டும். வேறு பற்றரியைப் பூட்டினால் மோட்டர் எழும்பாது. சில சைக்கிளுக்குக் கைபேசிச் செயலியும் நிறுவனத்தின் சேர்வரும் வேண்டும். நெதர்லாந்தின் வான்மூஃப் நிறுவனம் 2023 ஜூலையில் வங்குரோத்தானபோது, நல்ல விலை கொடுத்து வாங்கியவர்கள் உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது, செயலி நின்றால் பூட்டை எப்படித் திறப்பது என்று தவித்தார்கள். பிறகு வேறொரு நிறுவனம் அதை வாங்கியது. அம்ஸ்டர்டாமிலேயே அந்த நிலை என்றால், கிளிநொச்சியில் நின்று யாரிடம் போய்க் கேட்பது?

எனவே மருமகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். மோட்டர் பழசாகிவிடும் என்று பயப்படாதே. பல்சக்கரச் சில்லு மோட்டர் பல வருடமாகப் பெரிய மாற்றமில்லாமல் அதே அமைப்பில் வருகிறது. நாளைக்குப் பழுதானால் வேறு கம்பனி மோட்டரைச் சில்லோடு மாற்றிப் பூட்டலாம். கொண்ட்ரோலர் தனிப் பெட்டியாக இருந்தால் அதையும் தனியாக மாற்றலாம். எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "அண்ணை, இந்தப் பற்றரி செத்தா வேற பற்றரி போட்டு ஓடலாமோ?" என்பது. அவர் தயங்கினால் அடுத்த கடைக்குப் போ.

பற்றரிதான் செலவு

மோட்டர் பத்து வருடம் நிற்கலாம். பற்றரி நிற்காது. மின்சைக்கிளில் முதலில் சாகும் பெரிய செலவு அதுதான். ஆகவே வாங்கும்போது மோட்டரின் வாற்றைப் பார்ப்பதைவிடப் பற்றரியைப் பாருங்கள்.

பற்றரியில் இரண்டு எண் எழுதியிருக்கும்: வோல்ற்று, அம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் வருவது வாற் மணி. அதுதான் தாங்கியில் எத்தனை லீற்றர் என்பதற்குச் சமம். 36 வோல்ற்று, 10 அம்பியர் மணி என்றால் 360 வாற் மணி. 48 வோல்ற்று என்று பெரிதாக எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். 48 வோல்ற்றில் 7 அம்பியர் மணி என்றால் 336தான்.

மிதித்துக்கொண்டு போகும்போது ஒரு கிலோமீற்றருக்கு 8 முதல் 15 வாற் மணி வரை செலவாகும். மிதிக்காமல் கைப்பிடியை மட்டும் முறுக்கிப் போனால் 20ஐயும் தாண்டும். அதனால் "60 கிலோமீற்றர் ஓடும்" என்று பெட்டியில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அது பாரம் குறைந்த ஒருவர், காற்றில்லாத நாளில், தானும் நன்றாக மிதித்து ஓடிய கணக்கு.

காற்று என்றேன். மலை இல்லாத நமக்கு அதுதான் மலை. வைகாசியிலிருந்து சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். மருமகளுக்குக் காலையில் அது முதுகில், பின்னேரம் நெஞ்சில். காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே 15 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால் உடம்பில் மோதுவது 35. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால் அது மூன்று மடங்காகிறது. அப்படியான நாளில் உதவியின் அளவை ஒரு படி குறைத்து, வேகத்தைக் குறைத்துப் போனால் பற்றரி வீடுவரை நிற்கும். வேகத்தைப் பிடித்துக்கொண்டே போனால் நிற்காது.

அவளுக்கு நாங்கள் போட்ட கணக்கு இப்படி. போய்வர 22 கிலோமீற்றர். கிரவலும் சோளகமும் இருப்பதால் கிலோமீற்றருக்கு 15 என்று வைத்தோம். 330 வாற் மணி. சில வருடத்தில் பற்றரி ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவை இழக்கும், அப்போதும் போய்வர வேண்டும். அதற்காகக் கூட்டினால் 412. ஒவ்வொரு நாளும் அடிமட்டம்வரை வற்றவிடாமல் ஐந்தில் ஒன்றை மிச்சம் வைக்கவும் கூட்டினால் 515 அளவில் வரும். ஆகவே 36 வோல்ற்று 14 அம்பியர் மணி, அல்லது 48 வோல்ற்று 10.4 அம்பியர் மணி. இரண்டும் ஏறக்குறைய 500. மிச்சம் வைப்பது வீண் கவனமில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் காட்டு வீதியால் வேலைக்குப் போய்வருகிறவர்களைக் கேளுங்கள். பொழுதுபட்டு யானை இறங்குகிற நேரத்தில் பற்றரி தீர்ந்து நிற்க யாருக்கும் விருப்பமிராது.

500 வாற் மணி என்றால் அரை யூனிற் மின்சாரம். சார்ஜரில் கொஞ்சம் வீணாவதையும் சேர்த்து, உங்கள் மின்பட்டியலில் ஒரு யூனிற்றின் விலையில் பாதியைவிடச் சற்றுக் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பெற்றோலின் விலையோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

பற்றரியின் உள்ளிருப்பு மூன்று வகை. ஈயப் பற்றரி மலிவு, ஆனால் பாரம். 12 வோல்ற்றில் நான்கை அடுக்கினால் 16 கிலோ போகும். அடிக்கடி முழுதாக வற்றவிட்டால் சீக்கிரம் செத்துவிடும். சைக்கிளுக்கு அது வேண்டாம். மற்ற இரண்டும் லிதியம். நிக்கல் சேர்ந்த லிதியம் பாரம் குறைந்தது, 500 முதல் 1,000 தடவை வரை சார்ஜ் தாங்கும். இரும்பு பொஸ்பேற் லிதியம் கொஞ்சம் பாரம் கூட, இடமும் கூடப் பிடிக்கும். ஆனால் 2,000 தடவை அளவுக்குத் தாங்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. நம்முடைய வெயிலுக்கு, கிடைத்தால், நான் இதையே எடுப்பேன்.

வெயில் லிதியத்துக்குப் பகை. மத்தியானம் தகரக் கொட்டிலுக்குள் நிறுத்திய சைக்கிளின் பற்றரி வெந்து கிழடாகும். மர நிழலில் நிறுத்துங்கள், அல்லது பற்றரியைக் கழற்றி வகுப்பறைக்குள் கொண்டுபோய் வையுங்கள். வெயிலில் ஓடி வந்தவுடன் சார்ஜில் போடாமல் அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். கிடுகு வேலிக்கும் கிடுகுக் கூரைக்கும் கிட்ட ஒருநாளும் சார்ஜ் போட வேண்டாம். விறாந்தையின் சீமெந்துத் தரையில், முழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். அதோடு வந்த சார்ஜரையே பாவியுங்கள். ஓகஸ்ட், டிசம்பர் பள்ளி விடுமுறையில் சைக்கிள் சும்மா நிற்கும் என்றால் பற்றரியைப் பாதி அளவில் வைத்துவிட்டு நிறுத்துங்கள். முழுதாக நிரப்பியோ முழுதாக வற்றவிட்டோ நிறுத்த வேண்டாம்.

மாரி

இந்த விசயத்தைக் கொழும்புக் கடையில் சொல்ல மாட்டார்கள். மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால், கிரவல் றோட்டைக் குறுக்கறுத்து வெள்ளம் ஓடும். 2018 மார்கழி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

26 அங்குலச் சில்லில் மோட்டரின் மையம் நிலத்திலிருந்து 33 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். மோட்டருக்கு விட்டம் இருக்கிறது, ஆகவே தண்ணீர் முக்கால் அடியைத் தாண்டினாலே அடிப்பாகம் நனையும். தண்ணீர் உள்ளே புகும் வாசல், அச்சின் ஓரமாக வயர் நுழையும் இடம். நடு மோட்டர் இன்னும் தாழ்வாக இருக்கும். அதைப் பலர் யோசிப்பதில்லை. மோட்டரில் ஐபிஎக்ஸ் 4 என்று எழுதியிருந்தால் மழைத்துளியும் தெறிக்கும் தண்ணீரும் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும் என்ற சோதனையில் தேறியது. எந்த எண்ணாக இருந்தாலும், முழங்காலளவு தண்ணீரில் மின்சைக்கிளை இறக்க வேண்டாம். சேவிஸ் ஸ்ரேசனில் அமுக்கத் தண்ணீர் அடித்துக் கழுவவும் வேண்டாம், ஈரத்துணி போதும்.

சந்திக் கடையில் செய்யக்கூடியது

நெருஞ்சி முள் எந்தத் தொழில்நுட்பத்தையும் மதிக்காது. பின்சில்லில் மோட்டர் இருந்தால், ரியூப் ஒட்டச் சில்லைக் கழற்றுவது கொஞ்சம் சிரமம். வயரின் நடுவில் ஒரு செருகி இருக்க வேண்டும். அதை இழுத்துப் பிரித்துவிட்டு 18 அல்லது 19 இலக்கச் சாவியால் நட்டைக் கழற்றலாம். செருகி இல்லாமல் வயர் நேராகக் கொண்ட்ரோலருக்குள் போகிற சைக்கிளை வாங்க வேண்டாம். சின்ன ஓட்டைக்குச் சில்லைக் கழற்றாமலே ரயரின் ஒரு பக்கத்தை விலக்கி ஒட்டலாம், சைக்கிள் கடை ஐயாக்களுக்கு இது புதிதில்லை. வாங்கும்போதே தடித்த ரயராகப் பாருங்கள். பின்சில்லின் கம்பிகளும் தடித்ததாக இருக்க வேண்டும். மோட்டரின் பாரத்துக்கு மேல் கரியரில் ஒரு மூட்டை அரிசியும் ஏறினால் மெல்லிய கம்பி ஒவ்வொன்றாக அறும்.

வீட்டில் நல்ல லுமாலா சைக்கிள் நிற்கிறது, அதற்கு மோட்டர் பூட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். பூட்டலாம். இரும்புச் சட்டகம் அதற்கு நல்லது. மோட்டரின் அச்சு திரும்பிவிடாமல் பிடித்துவைக்கும் இரும்புத் துண்டு ஒன்று உண்டு. அதைப் பூட்டாமல் ஓட வேண்டாம். அது இல்லாவிட்டால் ஒருநாள் அச்சு சுழன்று, வயரை முறுக்கி அறுத்துக்கொண்டு சில்லு கழன்றுவிடலாம். பிரேக்கையும் புதிதாக்குங்கள். 25 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பாரத்தை நிறுத்த தேய்ந்த ரப்பர் கட்டையால் முடியாது.

ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 250 வாற், மணிக்கு 25 கிலோமீற்றர் என்ற எல்லைக்குள் இருந்தால்தான் அதைச் சைக்கிளாகக் கணக்கிடுவார்கள். இங்கேயும் 1,000 வாற் என்று ஆசை காட்டும் வண்டிகளை எடுக்குமுன் மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

மருமகள் கடைசியில் எடுத்தது பல்சக்கரச் சில்லு மோட்டர், 250 வாற், அழுத்தம் அளக்கும் உணரி, 36 வோல்ற்று 14 அம்பியர் மணிப் பற்றரி. கடைக்காரர் கடைக்கு முன்னால் ஒரு வட்டம் ஓடிப் பார்க்கச் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். பையில் கொப்பிக் கட்டுகளை நிரப்பிக் கரியரில் கட்டினாள். கிட்டவிருந்த கிரவல் றோட்டில் ஒன்று, காற்றுக்கு எதிரே ஒன்று, கரண்டை நிறுத்தி வெறும் காலால் ஒன்று என்று மூன்று ஓட்டம் ஓடினாள். திரும்பி வந்து சில்லு மோட்டரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடு. அதன் பிறகுதான் காசை எண்ணிக் கொடுத்தாள்.